புகை படிந்த எட்டுப் பக்கக் கோயில்

கறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. முதலிபாளையத்தில் அப்பா பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டால் நேராகச் செக்கிங் மேசைக்கு ஓடுவேன். துணியில் கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அங்கே வேலை செய்த அக்காக்கள் கண்ணுக்குத் தப்பியதைக்கூட நான் பிடித்துவிடுவேன். இப்போதும் எங்காவது அச்சு மை வாசம் வந்தால் அந்த மாலைகளுக்காக மனசு ஏங்குகிறது.

அப்பாவின் முதல் வெளிநாட்டு ஆர்டர் அடிஸ் அபாபாவிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் தங்கள் ஊர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பேராலயத்தின் பழைய புகைப்படத்தைக் கொடுத்து, இதை அப்படியே அச்சடிக்கவேண்டும் என்றார். எட்டுப் பக்கம் கொண்ட கல் கட்டடம். நடுவே ஓர் அறை, அதற்குள் குருமார் மட்டுமே போகலாமாம்.

"நம்ம கருவறை மாதிரியேதானுங்க!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் படத்தில் ஜன்னல்களுக்கு மேலும் தூண்களிலும் கறுப்புத் திட்டுகள். நான் விடுவேனா? ஒன்று பாக்கியில்லாமல் அம்புக்குறி ஒட்டி அத்தையிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் படம் செய்வது அத்தையின் வேலை. அவரும் செக்கிங்கில் இருந்து வந்தவர்தான். அத்தனையையும் அழித்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்.

சாம்பிளைப் பார்த்ததும் வந்தவர் புகைப்படத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, அத்தை அப்பாவிடம் சொன்னார்.

"அது கறை இல்லீங்களாம்ணா. சண்டைல வேற நாட்டுப் படை வந்து கோயிலுக்குத் தீ வெச்சிருச்சாம். அந்தப் புகைங்களாம். அப்பறம் சரி பண்ணிட்டாங்களாம். எரிஞ்சத மறக்கக் கூடாதுன்னுதான் இந்தப் படத்தக் கேட்டாங்களாம்."

அப்பா முகம் செத்துப்போனது. "தப்பு எங்களுதுங்க. நாளைக்கே மாத்தித் தந்தர்றனுங்க" என்றார். என்னை யாரும் திட்டவில்லை. என்னால் ஆர்டர் போகப்போகிறது என்று ஸ்டிக்கர் அட்டையை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் புகையோடு புதுச் சாம்பிள் வந்தது. செக்கிங் அக்கா பழக்கதோஷத்தில் அதைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டார். "கறை இல்லம்மா, கோயிலு!" என்று அப்பா பாய்ந்து எடுத்தார்.

வந்தவர் பனியனை வாங்கி ஜன்னலுக்கு மேலிருந்த கறுப்பை விரலால் தடவினார். தடவிக்கொண்டே அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. போச்சு, மறுபடியும் ஏதோ தப்பு என்று நினைத்தேன். அவர் பனியனைக் கீழே வைத்ததும் எடுத்து, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு தப்பும் அகப்படவில்லை. அப்புறம் ஏன் அழுகிறார்?