சொக்குவை வேறு வைத்த பிறகு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வாட்ஸப்பில் நாலு வரிக்கு மேல் போனால் விரல் வலிக்கும். ஆனால் போன வாரம் அக்கா என்னை சென்சார் ஆபீசர் ஆக்கியதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் ஒரு குடும்பக் காமெடி நாடகம் ஓடியது. பெரிய வீடு, நாலு மருமகள், ஓயாத அடுப்படிச் சண்டை. அந்த வீட்டின் கடைக்குட்டித் தம்பி சொக்கு. இப்போது அந்தச் சொக்குவை மட்டும் கதாநாயகனாக்கிப் புது நாடகம் ஒன்று போனில் வருகிறது.

அக்காவுக்கு இப்படி விளக்கினேன்: "பழைய நாடகத்துலேர்ந்து சொக்குவ வேற வச்சுட்டாங்கக்கா."

எங்கள் காரைக்குடிப் பக்கம், கல்யாணமான மகனுக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டுக் கொடுப்பதைத்தான் வேறு வைப்பது என்போம். அக்கா கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? பொண்ணு எந்தூரு?"

நான் சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள். அவள் மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. அந்த நாடகத்தைப் பார்த்தே தீருவேன் என்று அடம்.

"மொதல்ல நீ பாருடா. கெட்டது எது இருந்தாலும் ஒனக்குத்தான் டக்குனு தெரியும்."

பாராட்டா, திட்டா? இன்னும் பிடிபடவில்லை.

போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்படியில் அக்கா சீப்புச்சீடை பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணெய் வாசனை என்னைத் தெருக்கோடி ஆச்சி வீட்டு வளவு முற்றத்துக்கு இழுத்துப் போனது. எங்கள் வீட்டிலும் டிவி உண்டு, சீடைதான் கிடையாது. அதனால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆச்சி வீட்டில்தான் நாடகம் பார்ப்போம். "கத்தாமப் பாருங்கப்பா, இல்ல டிவிய அமத்திப்புருவேன்" என்பார் ஆச்சி. என் பக்கத்தில் எப்போதும் என் வகுப்பு ஜாகிர்.

சொக்குவுக்குத் திக்குவாய். விக்கல் எடுக்கும் அண்ணனுக்காக "த... த... தண்ணி" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் விக்கலே நின்றுவிடும். வளவே அதிரச் சிரிப்போம். ஜாகிர் சிரித்தானா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

புது நாடகத்திலும் அதே தண்ணீர்தான். கெட்ட வார்த்தை இல்லை, குடி இல்லை, கண்ணை மூடிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பாஸ் என்று சொல்ல எழுந்தால், முதுகுக்குப் பின்னால் யாழினி.

"த... த... தண்ணி! மாமா, எங்க க்ளாஸ்ல நிவேதா இப்புடித்தான் பேசுவா. நாளைக்குலேர்ந்து அவதான் சொக்கு!"

பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் ஜாகிர் ஞாபகத்துக்கு வந்தான்.

ஜாகிருக்கும் பேச்சு கொஞ்சம் திக்கும். நாடகம் பார்த்த மறுநாள் பிரேயரில் அவனுக்குச் சொக்கு என்று பேர் வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார். வாத்தியார்கூட அப்படியே கூப்பிட்டார். அவனும் இளித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு வகுப்பில் எழுந்து பதில் சொல்வதை நிறுத்தினான். பரோட்டாக் கடையில் விரலைக் காட்டித்தான் கேட்பான். அதற்கும் ஊமைச் சொக்கு என்று பதவி உயர்வு கொடுத்தேன்.

யாழினியை நான் எந்த வாயால் அதட்டுவது?

"என்னடா, பாக்கலாமா வேணாமா?" என்றாள் அக்கா.

"யோசிச்சுச் சொல்றேன்."

"நீயே யோசிக்கிறியா? அப்ப ரொம்ப மோசமான நாடகந்தான்."

ஆச்சி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அதெல்லாம் போகட்டும். காணாமல் போனது ஜாகிரின் குரல். சிங்கப்பூரில் இருக்கிறான். தினமும் மெசேஜ் போடுகிறவன் ஒருநாளும் வாய்ஸ் அனுப்பியதில்லை. வேலை மும்முரம் என்று நினைத்திருந்தேன். அவன் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தால், அவனைப் போல நான் பேசிக் காட்டிய குரல்தான் காதில் கேட்கிறது.

நேற்று அவனிடமே கேட்டேன், யாழினி இதைப் பார்க்கலாமா என்று. டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"பாப்பா பாக்கட்டும்டா, நீ பக்கத்துல உக்காராத."