நடுவில் நிறுத்தக் கூடாத வேலை

காயல்பட்டினத்தில் ஒருவன் கல்ஃபுக்குப் போகவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல் என்றுதான் ஊர் நினைக்கும். காஜா முகைதீனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோது மணப்பெண் ஜனாபா போட்ட ஒரே நிபந்தனை அது. கல்ஃபிலிருந்த வாப்பாவை விருந்தாளி மாதிரி பார்த்து வளர்ந்தவள் அவள். மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, கடல் தாண்டுகிறவனாக மட்டும் இருக்கக் கூடாது என்று உம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். தெற்கே கடற்கரையில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தார் காஜா. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வீடு. இதைவிடத் தோதான மாப்பிள்ளை கிடைப்பானா?

கிடைத்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது பின்னால் தெரிந்த சங்கதி.

காஜாவின் வேலை திட்டமிடுவது. எதற்குப் பின் எது, எது தாமதமானால் எல்லாமே தாமதமாகும், எதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் குடி முழுகாது என்று வகுத்துச் சொல்ல வேண்டும். அப்படித் தள்ளிப்போடக்கூடிய அவகாசத்துக்கு அவர்கள் பாஷையில் ஃப்ளோட் என்று பெயர். மனிதர் அதில் புலி. ஆனால் அந்தத் திட்டத்துக்கு யார் கண் பட்டதோ, ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஆற்று மணலுக்குத் தடை வந்தது. கல்லை உடைத்துச் செய்த மணலில் கலவை போட்டு, சோதித்து, திருப்தி வராமல் மறுபடி சோதித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பம்பு கப்பலேறாமல் கிடந்தது. பம்பு வராமல் குழாய் இணைக்க முடியாது, குழாய் இணைக்காமல் சுவரை மூட முடியாது. கொரோனா வந்தபோது வடக்கத்தித் தொழிலாளிகள் மொத்தமாக ஊர் திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் காஜா உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினார்.

அடுக்கும்போது தள்ளிவைக்கத் தோதாக ஒன்று எப்போதும் கைக்கு எட்டியது, வீடு. நிலையத்துக்குப் பக்கத்தில் திசையன்விளையில் அறை எடுத்துத் தங்கினார். வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தது மாதம் இருமுறையாயிற்று, பிறகு மாதம் ஒருமுறை. ஜனாபா கேட்டால், "இந்த யூனிட் முடிஞ்சதும் வந்துருதேன்" என்பார். அவள் "சரி" என்பாள். ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"அடுத்த வீட்டு ரசீத் காக்கா துபாய்லேருந்து வந்தா முழுசா ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறாவ. நீங்க கூப்பிடுதூரத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணுதியளே."

காஜா சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.

ஒரே மகள் ஷஃபீகா. கட்டிக்கொடுத்து ஷார்ஜாவில் இருந்தாள். பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு திரும்பிப் போனாள். அங்கே அவளுக்கு வேலை காத்திருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. உம்மாவைக் கூப்பிட்டாள். விசா வந்தது, டிக்கெட் வந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சோற்றைப் பரிமாறிக்கொண்டே ஜனாபா சொன்னாள்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போகல. அவளுக்கு வேற வழி பாப்போம்."

காஜா கையைச் சோற்றில் வைத்தபடி யோசித்தார். எதை யோசித்தார் என்கிறீர்கள்? அணு உலைக் கட்டடத்தின் குவிமாடத்துக்குக் கான்கிரீட் கலவை போட வியாழக்கிழமை குறித்திருந்தது.

"வியாழக்கிழம பெரிய வேல இருக்கு. அது முடியட்டும், பேசுவோம்" என்றார்.

"வியாழக்கிழமதான் எனக்கு ஃப்ளைட்டு" என்றாள் ஜனாபா.

அந்தக் கலவை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாத வேலை. போட்டது இறுகிவிட்டால் அதன் மேல் போடுவது சேராது. சேர்ந்தது மாதிரி வெளியே தெரியும், உள்ளே கோடு விழுந்திருக்கும். நம் ஊர் வெயிலில் கலவை சூடேறாமல் இருக்கத் தண்ணீருக்குப் பதில் ஐஸைத் தூளாக்கிப் போடுவார்கள். வியாழக்கிழமை பாதி வேலையில் அந்த ஐஸ் மெஷின் நின்றுபோயிற்று. எல்லாரும் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து வாசல் காவலில் இருந்து ஆபீசுக்கு போன் வந்தது. உள்ளே யாரும் செல்போன் வைத்துக்கொள்ள முடியாது, சொந்த பந்தம் வந்தாலும் அப்படித்தான் சொல்லியனுப்ப வேண்டும். கலவை மேற்பார்வையாளர் மணிராஜ் ஓடி வந்தார்.

"பாய், ஒம்ம வீட்டுல மெயின் கேட்டுல வந்து நிக்காவளாம். திருவனந்தபுரம் போற வழியாம்."

காஜா கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் இத்தனை மணிக்கு, சாலையில் இவ்வளவு நேரம், விமான நிலையத்துக்குள் நுழைய இவ்வளவு. பழக்கம் விடுமா? ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது.

"நேரம் இருக்கு. கொஞ்சம் இருக்கச் சொல்லும்."

"நான் பாத்துக்கிடுதேன் வே, நீரு ஒரு எட்டு போயிட்டு வாரும்."

"நடுவுல விட்டுட்டு எப்படி வே வர?"

மாற்று மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் காஜா வாசலுக்கு வந்தார். கணக்குப்படி அப்போதும் நேரம் மிச்சம் இருந்தது. கார் இல்லை. ஜனாபா கொடுத்துவிட்டுப் போன வீட்டுச் சாவிக்கொத்தைக் காவலர் நீட்டினார். முன்வாசல், பின்வாசல், அலமாரி எல்லாம் அதில் இருந்தன. காரை ஓட்டிப்போன ஜனாபாவின் தம்பி சிராஜுதீன் பிற்பாடு சொன்னான்: "நேரம் கெடந்துச்சு மச்சான். இருப்போம்னுதான் நான் சொன்னேன். லாத்தா வெயில்ல எறங்கி கேட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பொறவு, போவோம்னுட்டு."

குவிமாடத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். காஜா அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

வீடு என்றால் ஜனாபாவின் வீடு. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தெருவில் அவருக்கு ஜனாபா மாப்பிள்ளை என்றே பெயர். சீனி டப்பா எங்கே என்று தேடவே முதல் நாள் காலை போயிற்று. வீட்டுக்குப் பின்னால் பெண்கள் போய்வருகிற குறுகலான சந்து, முடுக்கு என்பார்கள். ஜனாபா இருந்தவரை அந்தப் பின்வாசல் அடைத்ததே இல்லை, சிரிப்பும் பேச்சும் பண்டமாற்றும் அந்த வழியாகத்தான். ஆம்பளை மட்டும் இருக்கிற வீட்டுக்குள் எந்தப் பெண் வருவாள்? பக்கத்து வீட்டு அலிமா பீவி எப்போதாவது ஒரு கிண்ணத்தைப் பின்படியில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். காஜா திறக்கும்போது முடுக்கு காலியாக இருக்கும். அந்தத் தட்டுச் சத்தத்துக்காகவே அவர் சில நாள் அடுக்களையில் உட்கார்ந்திருப்பதுண்டு. அப்படி ஒரு தனிமை.

பாஸ்போர்ட் எடுத்துப் போய்விடலாமே என்று சிராஜுதீன் கேட்டான். ஷார்ஜாவில் ஷஃபீகாவுக்கு இருப்பதே ஓர் அறை. மகளும் மருமகனும் பிள்ளையும் ஜனாபாவும் போக அதில் இவர் எங்கே கால் நீட்ட?

பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் வருகிறேன் என்றாள் ஜனாபா. பிள்ளை நடந்தது. பேச ஆரம்பித்ததும் வருகிறேன் என்றாள். தேதி இல்லாமல் சொல்கிற 'முடிஞ்சதும்' எப்படிப்பட்டது என்று காஜாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஜனாபா, நீ போயிருக்கக் கூடாது. போகாதன்னு நான் சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லுதேன், வந்துரு. எனக்கு முடியல."

அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. அதை இடுப்பில் மாற்றிக்கொள்கிற ஓசை கேட்டது. ஜனாபாவின் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது.

"நடுவுல விட்டுட்டு எப்படி வர?"

"சரி" என்றார் காஜா.