மலர் அக்காவின் லொட்ஜ்

மலர் அக்கா போய்விட்டார். இன்று விடிய, கப்பல்துறையில் தங்கச்சி வீட்டில்... கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

யுத்த காலத்தில் திருகோணமலை டவுனில் ஒரு கொமினிகேஷனில், காசுக்கு டெலிபோன் கோல் எடுக்கிற கடையில், நாங்கள் இருவரும் வேலை. பின்னேரம் ஊரடங்கு நெருங்கினால் கடையில் ஈ காக்கை இருக்காது.

அப்போது அக்கா தனியாக விளையாடுவார். பிஸ்கட் பெட்டி அட்டையில் கீறிய ஒரு துறைமுகம், கரையில் ஒரு லொட்ஜ். அவர்தான் சொந்தக்காரி. சட்டைப் பொத்தான்கள்தான் விருந்தாளிகள்.

ஒரு நாளைக்கு ஒரு தரம் மூன்று லூடோ கட்டைகளை உருட்டுவார். விழுவதைப் பொறுத்து ஆள் வரும்... குறட்டை விடும் மூதூர் வியாபாரி, உப்புக் காணாது என்று சண்டை பிடிக்கும் கந்தளாய் மாஸ்டர். யார் வந்தாலும் சுடச்சுடச் சாப்பாடு, விரித்த பாய். அந்த அட்டை ஊரில் செக்பொயின்ட் கிடையாது.

மூன்றிலும் ஆறு விழுந்தால் சுகந்தன் வருவான்.

சுகந்தன் அவருடைய ஒரே மகன். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள்.

நீங்களே ஆறாகத் திருப்பி வையுங்கோவன் என்று ஒருநாள் சொன்னேன்.

"அப்பிடிச் செய்தா அவன் வந்ததா இராது பிள்ளை. நான் கொண்டு வந்ததா இருக்கும்."

எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் பெரிய பகிடி. ஒரு பின்னேரம் நான் பின்னுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்க, அக்கா கட்டையை உருட்டிய கையோடு கோல் ஒன்று வந்தது. அவர் எழும்பிப் போன நேரம் முதலாளி மூன்றையும் ஆறாகத் திருப்பி வைத்துவிட்டார்.

அக்கா வந்து பார்த்தார். பேக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் முதலாளி எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு அக்கா சோறும் மீன்குழம்பும் ஆக்கி, இருட்டிய பிறகும் முன்கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். அந்த நாளில் இருட்டில் கதவைத் திறந்து வைப்பதென்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும். நான் போட்டது ரெண்டு, மூண்டு, நாலு. கண்ணால பாத்தனான்."

பிறகு மெல்லச் சொன்னார். "ஆனாலும் வீட்ட போகாம இருக்க ஏலாமப் போச்சு."

முதலாளி சுகமாக இருக்கிறார். இன்று காலை பேஸ்புக்கில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று கும்பிடுகிற கை எல்லாம் போட்டிருக்கிறார். இதையும் வாசிக்கட்டும்.

மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவி கிடைக்கும் என்று எத்தனை பேர் கரைச்சல் கொடுத்தார்கள்... அக்கா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

சற்று முன் மரண அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தது. "காலஞ்சென்ற சுகந்தனின் அன்புத் தாயார்" என்று அடித்திருக்கிறார்கள்.

அக்காவின் மூச்சு நின்று அரை நாள்கூட ஆகவில்லை.

போயிட்டு வாங்கோ அக்கா.