செல்லையா கேட்ட கேள்வி

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அம்மா மாதா கோயில் தீர்த்தத்தை வீட்டில் தெளித்தால் தரை வழுக்கும் என்று சண்டை போடுவேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவளுக்குத்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், இது நடந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் நர்சிங் ஆசிரியை. ஊசி, தையல், ஆபரேஷன் எல்லாவற்றையும் பிள்ளைகள் முதலில் பொம்மைகளிடம் பழகும் பயிற்சிக்கூடம் என் பொறுப்பு. பெரிய பொம்மைக்குச் செல்லையா என்று பெயர், அது மூச்சு விடும், நாடி துடிக்கும். அதைத் தொடும் முன் "உங்களைத் தொடலாமா?" என்று கேட்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையிலிருந்து நான் மைக்கில் "சரி, தொடுங்க" என்று சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். பதில் வராமல் தொட்டால் மார்க் கிடையாது. இந்தச் சட்டம் நான் போட்டது. கைப்பையும் போனும் வெளியே இருக்க வேண்டும் என்பதும் நான் போட்டதுதான், அதுவே வினையாகப் போயிற்று.

மறுநாள் பரீட்சைக்காக எல்லாவற்றையும் எடுத்து வைக்கத் தனியாகப் போயிருந்தேன். கரண்ட் போனது, ஜெனரேட்டர் வரவில்லை. ஜன்னலே இல்லாத அறை, ஏசி நின்றதும் காற்றும் நின்றுவிட்டது. கார்டு காட்டித் திறக்கும் கதவு, கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும் என்று மாட்டிவிட்டுப் போனவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள், அது அசையவே இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலர் கைப்பையில், கைப்பை வெளியே மேஜையில். கதவைத் தட்டினேன், உதைத்தேன், வாட்ச்மேன் காதர் பாயைக் கூப்பிட்டுக் கத்தினேன், கத்தக் கத்த நெஞ்சு இறுகியது. செத்துவிடுவேன் என்று பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் என் இழுப்புக்கு நடுவே இன்னொரு மூச்சு கேட்டது. செல்லையாவுக்குள் பேட்டரி இருக்கிறது, அதுதான் என்பீர்கள், நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மூச்சு படுக்கையிலிருந்து வரவில்லை, என் பக்கத்தில், தரையிலிருந்து வந்தது. பிறகு ஒரு குரல், அவசரமே இல்லாமல், "உங்களைத் தொடலாமா?" என்றது. மைக் இருக்கும் அறையைப் பூட்டியிருந்தேன், சாவி என் இடுப்பில்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவரை தொடக்கூடாது, அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். மறுபடி கேட்டது, கெஞ்சுகிற மாதிரி. நினைவு தப்பும்வரை நான் வாய் திறக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

கண் விழித்தபோது விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது, காதர் பாய் தண்ணீர் நீட்டினார். செல்லையா படுக்கையில் போட்டது போட்டபடி கிடந்தான். என் இழுப்பு சுத்தமாக நின்றிருந்தது. அந்தத் தெம்பில், இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"கரண்டு போனதுமே வந்தேன் மேடம். தட்டுற சத்தம் எதுவும் கேக்கல. 'சரி, தொடுங்க'ன்னு நீங்க சொன்னதுதான் கேட்டுச்சு. இருட்டுலயும் கிளாஸ் எடுக்குறாகளேன்னு போயிட்டேன். கரண்டு வந்ததும் சும்மா எட்டிப் பாத்தேன்."

"என் குரலா பாய்?"

"இம்புட்டு வருசமா கேக்குறேன், ஒங்க குரல் எனக்குத் தெரியாதா?"

மைக்கில் பதில் சொல்லும் வேலையை இப்போது வேறொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வீசிங் வரவே இல்லை. மார்கழிப் பனியில் சிறுமலைக்குக்கூடப் போய் வந்துவிட்டேன், ஒரு இருமல் இல்லை. அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், டாக்டர் நல்லதுதானே என்றார். நல்லதுதான். ஆனால் ராத்திரி படுத்து, நெஞ்சு லேசாக ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. சரி என்று சொன்னது நான் இல்லையே.