பொற்கோயிலுக்குப் போன நேர்த்திக்கடன்

தம்பியின் இருதயத்தில் துளை இருப்பதாக பலெர்மோ ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு எட்டு வயது. தை மாதம் சத்திரசிகிச்சை என்றார்கள். அதற்கு முன் எங்கள் ஊர் நல்லூர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டும் என்று அம்மா தவித்தார். ஊரிலோ சண்டை, பாதை பூட்டு. கடிதம் போய்ச் சேர்வதே நிச்சயமில்லை.

பலெர்மோவின் சீசா பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு சீக்கியர் இருந்தார். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுபவர். நான் அவரைத் தலைப்பாகை மாமா என்பேன். கோடை முடிந்து கடை பூட்டியதும், பல வருடங்களுக்குப் பிறகு தாயைப் பார்க்கப் பஞ்சாபுக்குப் புறப்பட்டார். போகும் வழியில் அமிர்தசரஸ் பொற்கோயிலைக் கும்பிடுவாராம். அதைக் கேள்விப்பட்டதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு படியேறினார். அம்மாவுக்குத் தெரிந்த இத்தாலியன், அவர் வேலை செய்த சிஞ்ஞோரா வீட்டுத் துடைப்பத்தோடும் வாளியோடும் முடிந்துவிடும். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

"தம்பியின்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யட்டாம் எண்டு சொல்லு. நட்சத்திரம் பூரட்டாதி."

மாமா பொறுமையாகக் கேட்டார். அங்கே அர்ச்சனை இல்லை, சிலையும் இல்லை, குளத்தின் நடுவில் கோயில், உள்ளே வேதப் புத்தகம் என்றார். நாலு பக்கமும் வாசல், யாரும் வரலாம். வந்தவர் எவரானாலும் ஒரே வரிசையில் நிலத்தில் இருந்து சாப்பிடுவார்கள், யாரென்று கேட்பதில்லை.

அம்மாவுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. "பேரும் கேக்காட்டில், எந்தப் பிள்ளைக்கு எண்டு சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

அதை மொழிபெயர்த்தேன். மாமா சிரித்துவிட்டு, தன்னால் முடிந்ததைச் செய்வதாகச் சொன்னார்.

சத்திரசிகிச்சைக்கு முதல் வாரம் ஒரு போத்தலில் குளத்துத் தீர்த்தத்தோடு வந்து கதவைத் தட்டினார். தம்பிக்காக என்ன செய்தார் என்று அம்மா கேட்கச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"செருப்புத் துடைச்சவராம், அம்மா. கோயில் வாசல்லை ஆக்கள் கழட்டி விடுற செருப்பு. ஒரு முழு நாள்."

அம்மாவின் முகம் கறுத்தது. கைதவறிச் செருப்பைத் தொட்டால்கூடக் கை கழுவிவிட்டுத்தான் சாமி அறைக்குள் போகிறவர்.

"என்ரை பிள்ளைக்குச் செருப்போ?" என்று மெல்லக் கேட்டார். "அதை அவருக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லாமலே மாமாவுக்கு விளங்கியது. கோபிக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னார், நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"கும்பிட வாற ஆக்களின்ரை கால்தூசியை விடப் பெரிசு ஒண்டும் இல்லையாம். அதை நெற்றியிலை பூசுவினமாம். தம்பியை நினைச்சு நினைச்சுத் துடைச்சவராம்."

அம்மா வாசற்படியிலேயே இருந்து அழுதார். பிறகு எழும்பிப் போத்தலை வாங்கி, சாமி அறையில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று தம்பியின் நெற்றியில் இரண்டும் இருந்தன.

தம்பி இப்போது என்னைவிட உயரம். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால், மருந்தைச் சரியாகத்தான் கொடுத்தேனா என்று போத்தலை மூன்று தரம் எடுத்துப் பார்க்கிற தாய் நான். அப்போதெல்லாம் மாமாவை நன்றியோடு நினைப்பேன். இந்த வயதில் இன்னொருத்தியும் நினைவில் வருகிறாள். வருடக்கணக்காகப் பிரிந்திருந்த மகனுக்காக, பஞ்சாபில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் இன்னும் ஒரு நாள் காத்திருந்தவள். எங்களுக்குக் கிடைத்த அந்த நாள் அவளுடையது என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது.