மைக்கில் நான் சொன்ன பொய்

எங்கள் ஊர் பெம்பானில், கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் மராத்திப் படம் போடுவேன். ஏன் மராத்தி என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். திரையில் ஓடும் ஆங்கில வசனத்தை மைக்கில் தமிழாக்கிச் சொல்வதும் என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் வருவார்கள்.

மராத்தி சினிமாவின் ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் போட்டேன். பேசாப் படக் காலத்தில் பெண்கள் நடிக்க வராததால் ஆண்களே புடவை கட்டினார்கள் என்று சொன்னேன்.

"அப்ப அடி வாங்குற பொம்பளையும் ஆம்பளதானா? நல்லா வாங்கட்டும் லா!" என்று முன்வரிசை அம்மா ஒருவர் கத்த, மண்டபமே சிரித்தது. என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தடுத்த மாதங்களில் பக்திப் படங்கள், சலங்கை கட்டி ஆடும் கூத்துப் படங்கள், கிண்டல் படங்கள் என்று போய், கடைசியில் இந்தக் காலத்துக்கு வந்தோம். இப்போதைய இயக்குநர்கள் சிலர் சின்ன கேமராவோடு கிராமத்துக்குள் நுழைந்து, மூடி வைத்த ரத்தத்தையெல்லாம் வெளியே இழுத்துப் போடுகிறார்கள்.

அன்று போட்டது அப்படி ஒரு படம். கணவன் பெல்ட்டால் விளாசுகிறான். மனைவியின் உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிகிறது. அவள் தரையிலிருந்து எழுந்து அரிவாளை எடுக்கிறாள். 'இன்னொரு தடவை தொட்டால் கையை வெட்டுவேன்' என்று கீழே வசனம் ஓடியது.

புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் அத்தானின் பெல்ட்டை நான் பார்த்திருக்கிறேன். அக்காவின் முதுகையும் பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று வாயை மூடிக்கொண்டு அதே அத்தானோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவன் நான். வெட்கங்கெட்டவன். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் என்னையே முறைத்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க, இனிமே எதிர்த்துப் பேசமாட்டேன்" என்று மைக்கில் சொன்னேன்.

அரிவாள் பிடித்தவள் மன்னிப்புக் கேட்கிறாள்! மண்டபத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அக்கா மட்டும் எழுந்தாள். கிளினிக்கில் வேலை செய்கிறவள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

"தம்பி, அங்க அப்படியா போட்டிருக்கு?"

"உட்காருடி!" என்றார் அத்தான்.

அவள் நேராக வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"இன்னொரு தடவ தொட்டா கைய வெட்டுவேன்னு சொல்றா. அதான் போட்டிருக்கு."

அத்தான் பின்னாலேயே பாய்ந்து வந்து அவள் முகத்தில் ஓங்கி அறைந்தார். அந்தச் சத்தம் மைக்கில் ஏறி எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. தலைமுடியைப் பிடித்து இரண்டாவது அடி அடித்தபோது அக்காவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்போதுதான் என் கை எழுந்தது. மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் தோளில் இறக்கினேன். விழுந்தவரை மறுபடியும் அடித்தேன். அதற்குள் முன்வரிசை அம்மா தன் முந்தானையால் அக்காவின் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார்.

போலீஸ் நிலையத்தில் அக்கா தானே மலாய் மொழியில் புகார் சொன்னாள். எத்தனை வருடம், எந்தெந்த இடத்தில் தழும்பு, எல்லாம் சொன்னாள். சாட்சி யார் என்று போலீஸ்காரர் கேட்டதும் நான் முன்னால் போய் நின்றேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடவே வந்திருந்த முன்வரிசை அம்மாவைக் கைகாட்டினாள்.

"இவங்க சொல்லட்டும்," என்றாள் தமிழில், எனக்குக் கேட்கும்படி. "அவன் மாத்திச் சொல்லுவான்."