முதலாளிக்கு நிவாரணம் கிடையாது

எங்கள் குடியிருப்பில் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். முதல் என்று அவனிடம் இருந்தது ஒரு இரும்புக்கட்டில், நாலு சட்டை, ஒரு மனைவி. லாண்ட்ரியில் இருபத்தோரு வருஷம் இஸ்திரி போட்டவன். எந்தச் சட்டையைப் போட்டாலும் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். தெரியாத கட்டிடத்துக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். அந்தப் பேரை வைத்தது நான்தான். நான் அவனுக்குப் பக்கத்து அறைக்காரன், சின்ன வேன் ஓட்டுகிறவன். அந்த லாண்ட்ரிக்கு ஹோட்டல் விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டு போய் இறக்குவேன்.

நோய் வந்தது, எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். ஹோட்டல் மூடியது, லாண்ட்ரி மூடியது, என் வேனும் வாசலில் படுத்துக்கொண்டது. கடைக்குச் சொந்தக்காரர் சாவியை இவன் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதோடு சரி, போனைக்கூட எடுக்கவில்லை. இவன் தினமும் காலையில் போய்க் கடையைத் திறந்து, யாரும் வாங்க வராத துணிகளைக் காற்றாட விட்டு, மத்தியானம் பூட்டிக்கொண்டு வருவான்.

“யோவ், கூலி இல்லாத வேலைக்கு எதுக்குய்யா ஓடுறே?”

“பூச்சி அரிச்சா வர்றவனுக்கு யார் பதில் சொல்றது? நீயா?”

அப்போதுதான் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வேலை போன தொழிலாளிக்கு மாசாமாசம் உதவித்தொகை. கடை வைத்திருப்பவனுக்குக் கடன். இவனுக்கு அந்தத் தொகை வந்தே ஆகவேண்டும். மனைவிக்கு மூச்சிழுப்பு. எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் நாலு தடவை உட்காருவாள். வெளியே கிடைத்த ஒரே வேலை ஆஸ்பத்திரி சலவைக்கூடம். அங்கே சேர்ந்தால் அங்கேயே தங்கவேண்டும், ஆறு மாசத்துக்கு வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

“பணம் வந்துட்டா நான் ஏன் அவளை விட்டுட்டுப் போறேன்” என்றான்.

விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டார்கள். அவன் போன் உடைந்து கிடந்ததால் என் நம்பரை எழுதினான்.

பத்து நாள் கழித்து, நான் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது போன் அடித்தது. ஒரு பெண் நீளமாக ஒரு பேரைச் சொல்லி, “அவர்தானே பேசறது?” என்றாள். அந்தப் பேரில் எனக்கு யாரையும் தெரியாது.

“ராங் நம்பர்ம்மா.”

“லாண்ட்ரின்னு எழுதியிருக்கே, சார்.”

“அட, நம்ம முதலாளியா! அப்படிச் சொல்லுங்க. இந்நேரம் கடையைத் திறந்து வச்சிட்டு இருப்பாரு.”

“கடை திறந்திருக்கா?”

“ஒருநாள் தவற மாட்டாரும்மா!”

அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதாக எனக்கு நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தின தவளை நான், கெட்டது அவன்.

மறு வாரம் என் போனுக்குத் தகவல் வந்தது. கடைசியில் ‘தள்ளுபடி’ என்று இருந்தது. ஏதோ சலுகை போலிருக்கிறது என்று சந்தோஷமாக வாசித்துக் காட்டினேன். அவன் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள்.

“அண்ணே, இல்லைன்னுட்டாங்க. இவர் கடை உரிமையாளராம், கடையும் நடக்குதாம். யார் சொன்னது?”

சொன்னேன். போனை என் கையில் திணித்தாள்.

“இனிமே போன் வந்தா வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு எடுங்க.”

ஆபீசுக்கு அவனோடு நானும் கிளம்பினேன். “இன்னிக்காவது கசங்கின சட்டை போட்டுட்டு வாய்யா” என்று கெஞ்சினேன்.

“இஸ்திரிக்காரன் கசங்கிப்போய் நின்னா எவன் நம்புவான்?”

அதுவும் நியாயம்தான். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

“கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான்.”

“தினம் திறக்கிறது?”

“நான்தான்.”

“அப்புறம் என்னய்யா தொழிலாளி? முதலாளிக்குக் கடன் இருக்கு, அந்த வரிசைக்குப் போங்க.”

நான் குறுக்கே விழுந்தேன். “ஐயா, அது பட்டப்பேரு. என்னைக்கூடத்தான் தெருவுல பைலட்டுன்னு கூப்பிடறாங்க, நான் என்ன பிளேனா ஓட்டறேன்?”

பின்னால் வரிசை சிரித்தது. குமாஸ்தாவுக்கும் மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்திருக்கும். கெட்ட மனுஷன் இல்லை, தூங்கி நாளான கண். “கடைக்காரர் எழுத்துல குடுத்தா இப்பவே மாத்தறேன். இல்லைன்னா மறுவிசாரணை, மூணு மாசம் ஆகும். அடுத்தது யாரு?”

கடைக்காரரை அங்கேயே நின்று ஏழு தடவை கூப்பிட்டோம். மணி மட்டும் அடித்தது.

“திட்டித் தொலையேன்யா” என்றேன் வழியில்.

“திட்டறதுக்குத் தெம்பு வேணுமே.”

மூன்று மாசம் தாக்குப்பிடிக்க அவன் வீட்டில் எதுவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை என் வேனில்தான் அவனைக் கூட்டிப் போனேன். மனைவி சன்னலில் நின்றாள். கீழே வரவில்லை. இறங்கினால் திரும்ப ஏறவேண்டும்.

ஆஸ்பத்திரி பின்வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“அவ மருந்து தீரப்போகுது. ரெண்டு வாங்கி வை. ஒண்ணு போதும்னு சொல்லுவா, காதுல வாங்காதே.”

“சரி.”

“நீயே ஏறிப்போய்க் குடு. அவளைப் படி இறங்க விடாதே.”

“சரிய்யா.”

அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். நான் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கேயும் வரிசைதான், எனக்கு முன்னால் முப்பது பேர்.